மேஃபிளவரில் வந்தவர்கள் கள்ளத்தோணிகளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனுக்குத் தெற்கே ஓர் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய வகுப்பில் ‘கள்ளத்தோணி’ என்ற சொல் வந்தது. அனுமதி இல்லாமல் படகேறி நாட்டுக்குள் நுழைந்தவர்களைக் குறிக்க இலங்கையில் புழங்கிய சொல், பெரும்பாலும் வசையாகவே புழங்கியது என்று சொன்னேன். பதினோரு வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். “அப்போ பில்கிரிம்ஸும் கள்ளத்தோணிதானே டீச்சர்? அவங்ககிட்ட விசா இருந்துச்சா?”

மதக் காரணத்துக்காகக் கிளம்பி, மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து இன்றைய மாசசூசெட்ஸுக்கு வந்து குடியேறியவர்களைத்தான் இங்கே பில்கிரிம்ஸ் என்பார்கள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் பல வருடங்களாக மனதுக்குள் வைத்திருந்த கேள்வி அது. அன்று பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் வாசலிலேயே நின்று வாதாடினார்கள், இரண்டு பேருக்குக் கோபமும் வந்தது. அன்றிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவையும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே இருக்கின்றன.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆமாவா, இல்லையா?

1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளைப் பற்றி மட்டும் கேட்டால், இன்றைய சட்டப் பொருளில் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் அனுமதி வாங்கி வந்தார்களா என்று கேட்டால், இல்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களில் எழுதப்பட்ட சட்டத்தை, அதுவும் பல நேரம் தங்கள் சொந்த அரசாங்கமே போட்ட சட்டத்தை, தெரிந்தே மீறிக் குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அந்தக் காலத்தில் குடியேற்றச் சட்டமே இல்லையே? இல்லாத சட்டத்தை எப்படி மீற முடியும்?

காகிதத்தில் சட்டம் இல்லை என்பது சரி. பாஸ்போர்ட் பார்க்க யாரும் கடற்கரையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் நாதியற்றுக் கிடந்த கரையும் இல்லை அது. இன்று தென்கிழக்கு மாசசூசெட்ஸ் என்று நாம் சொல்லும் பகுதி வாம்பனோக் மக்களுடையது. ஊருக்கு ஊர் தலைவர் உண்டு, அவரை சாச்செம் என்பார்கள். யார் எங்கே பயிர் வைப்பது, எந்த ஓடையில் மீன் பிடிப்பது, எந்தக் காட்டில் வேட்டையாடுவது என்பதற்கெல்லாம் வழமை இருந்தது. மேஃபிளவருக்கு முன்பே ஐரோப்பிய மீன்பிடிக் கப்பல்களும் வணிகக் கப்பல்களும் அந்தக் கரைக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. வந்து வியாபாரம் செய்துவிட்டுப் போவது ஒன்று, வந்து வீடு கட்டுவது வேறு என்ற வித்தியாசம் அந்த மக்களுக்கு நன்றாகவே தெரியும்.

நம் கிராமத்திலும் ஊர்ப் பொதுவில் குடிசை போட வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் போட முடியாது. பத்திரம் இல்லாததால் அந்த வழமை சட்டமில்லை என்று ஒருவர் சொன்னால் ஊர் ஏற்றுக்கொள்ளுமா?

மேஃபிளவர்க்காரர்களிடம் அவர்கள் ராஜாவின் அனுமதியாவது இருந்ததே?

இந்த இடத்தைப் பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் கதையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

அவர்களிடம் காகிதம் இருந்தது, ஆனால் வேறு இடத்துக்கான காகிதம். ராஜாவிடம் குடியேற்ற உரிமை பெற்றிருந்த வர்ஜீனியா நிறுவனத்திடமிருந்து வாங்கிய உரிமம் அது. ஹட்சன் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிக் குடியேறுவதாகத் திட்டம். கப்பல் வடக்கே ஒதுங்கி கேப் காட் பக்கம் வந்துவிட்டது. தெற்கே திரும்பிப் பார்த்தார்கள். மணல் திட்டுகளும் சுழலும் பயமுறுத்த, திரும்பி வந்து இன்றைய புரோவின்ஸ்டவுன் துறையில் நங்கூரம் போட்டார்கள். பழைய நாட்காட்டிப்படி அன்று 1620 நவம்பர் 11. கையிலிருந்த உரிமம் அந்தக் கரைக்குச் செல்லாது.

அது அவர்களுக்கே தெரியும். மதக் காரணத்துக்காக வராமல் பிழைப்புக்காக வந்த சில பயணிகள், உரிமம் செல்லாத இடத்தில் இறங்குவதால் யாரும் எங்களுக்கு உத்தரவு போட முடியாது என்று கப்பலிலேயே முறுக்கிக்கொண்டார்கள். பின்னாளில் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் இதைத் தன் கைப்படவே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கலகத்தை அடக்குவதற்காக, நாமே சட்டம் போட்டு அதற்குக் கட்டுப்படுவோம் என்று எழுதப்பட்டதுதான் ‘மேஃபிளவர் ஒப்பந்தம்’. 41 ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்க ஜனநாயகத்தின் விதை என்று இன்று கொண்டாடப்படும் அந்தத் தாள், சரியான காகிதம் இல்லாதவர்கள் அவசரத்துக்கு எழுதிக்கொண்ட தாள்.

சரியான உரிமம் 1621 நவம்பரில்தான் ஃபார்ச்சூன் என்ற கப்பலில் வந்து சேர்ந்தது. ஆக, ஏறக்குறைய ஒரு வருடம் இங்கிலாந்துச் சட்டப்படியே அவர்கள் உரிமமில்லாத நிலத்தில் குடியிருந்தார்கள். பையன் கேட்டது ‘விசா இருந்துச்சா’ என்று. வேறு ஊருக்கு எடுத்த விசா இருந்தது என்பதுதான் அதற்குச் சரியான பதில். அடுத்த வாரம் வகுப்பில் அப்படியேதான் சொன்னேன்.

இறங்கியதும் என்ன செய்தார்கள்?

முதல் வாரமே மைல்ஸ் ஸ்டாண்டிஷ் தலைமையில் பதினாறு பேர் கரையேறித் தேடப் போனார்கள். புதிதாக மூடிய மணல் மேடுகள் கண்ணில் பட்டன. தோண்டினார்கள். உள்ளே அந்த வருடத்துச் சோளம், கூடை நிறைய. மஞ்சள், சிவப்பு, நீலம் கலந்த கதிர்கள். கதிர் கதிராக எண்ணிக் குறித்திருக்கிறார்கள்: 36 முழுக் கதிர்கள். இதெல்லாம் வேறு யாரோ சாட்டிய குற்றம் இல்லை, 1622இல் லண்டனில் அச்சான அவர்களின் சொந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. பக்கத்தில் கிடந்த ஒரு பெரிய கொப்பரையையும் எடுத்து, அது நிறையச் சோளத்தை அள்ளிக்கொண்டார்கள். இன்னொரு மேட்டைத் தோண்டியபோது அது சமாதி. உள்ளே இருந்தவற்றில் அழகானவற்றை எடுத்துக்கொண்டு மீண்டும் மூடினோம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆள் இல்லாத குடிசைகளுக்குள்ளும் புகுந்தார்கள்.

பசியில் செய்தார்கள். உரியவரைக் கண்டால் ஈடு கொடுப்போம் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள், அடுத்த ஆண்டு கொடுக்கவும் செய்தார்கள். இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சோளம் யாரோ ஒரு குடும்பத்தின் விதைநெல். மழைக்காலத்துக்கு முன் குதிருக்குள் நெல்லை வைத்து மெழுகி மூடிவிட்டுப் போன நம் வீட்டுப் பெண், திரும்பி வந்து அது உடைந்து கிடப்பதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்?

கடைசியில் குடியேறிய இடம் பட்டுக்செட், இன்றைய பிளிமத். ஏற்கெனவே வெட்டித் திருத்திய வயல்கள், நல்ல தண்ணீர், ஆனால் ஆள் நடமாட்டம் இல்லை. 1616 முதல் 1619 வரை ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அந்த ஊரையே துடைத்துவிட்டிருந்தது. அந்த ஊரில் பிறந்தவர் டிஸ்குவாண்டம். 1614இல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரையும் மற்றவர்களையும் ஏமாற்றிக் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்கப் பார்த்தான். அவர் எப்படியோ தப்பி, இங்கிலாந்து வழியாக 1619இல் ஊர் திரும்பியபோது ஊர் இல்லை, உறவு இல்லை. அந்த மனிதர்தான் 1621 வசந்தத்தில் வந்தேறிகளுக்குச் சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுத்தார். இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் குரல் அடைத்துக்கொள்கிறது.

வாம்பனோக் தலைவரே இருக்கச் சொன்னாரே? அப்படியானால் அனுமதி கிடைத்ததுதானே?

கிடைத்தது. 1621 மார்ச்சில் மாசசாயிட் என்று அறியப்படும் ஊசமெக்வின் வந்து பேசி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ஒருவரையொருவர் துன்புறுத்துவதில்லை, யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் துணை என்பது அதன் சாரம். அவருக்கும் அதற்குத் தேவை இருந்தது. நோயில் அவருடைய மக்கள் பெருமளவு அழிந்திருந்தார்கள், மேற்கே நராகன்செட் மக்கள் வலுவாக இருந்தார்கள். புதியவர்களை நண்பர்களாக்கிக்கொள்வது நல்லது என்று கணக்குப் போட்டார். அந்த இலையுதிர் காலத்தில் அவரும் சுமார் 90 ஆண்களும் வந்து, ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து, மூன்று நாள் சேர்ந்து சாப்பிட்டதைத்தான் இன்று தேங்க்ஸ்கிவிங் என்று கொண்டாடுகிறார்கள்.

ஆனால் அந்த அனுமதி யாருக்கு, எவ்வளவுக்கு என்று பாருங்கள். முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் இறந்துபோனார்கள். ஊசமெக்வின் ‘இருங்கள்’ என்று சொன்னது மிஞ்சிய சுமார் 50 பேருக்கு. 1630களில் நியூ இங்கிலாந்துக்கு வந்து இறங்கியவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். திண்ணையில் படுக்க இடம் கொடுத்தவரிடம் வீட்டையே கேட்பது போல ஆகிவிட்டது. ஊசமெக்வினின் மகன் மெடாகம் காலத்தில் அது போராக வெடித்தது. 1676இல் மெடாகம் கொல்லப்பட்டார். அவருடைய தலையைக் கம்பத்தில் குத்தி அதே பிளிமத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள். அவருடைய சிறு வயது மகன் அடிமையாக விற்கப்பட்டான். அந்த விருந்துக்கும் இந்தக் கம்பத்துக்கும் நடுவே 55 வருடம்தான்.

நிலத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகப் பத்திரங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. சில நேர்மையானவை. பலவற்றில், விற்றவர் நினைத்தது ‘நீங்களும் பயன்படுத்துங்கள்’ என்பது. வாங்கியவர் எழுதியது ‘இனி நீங்கள் வரக் கூடாது’ என்பது. அடுத்தவர் மொழியில் எழுதிய பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலம் இழந்த கதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து அளவுகோல் வேறு. அன்று யாருக்குமே இது தப்பாகத் தெரிந்திருக்காதே?

தெரிந்தது. ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகர் 1630களிலேயே இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டார். நிலம் அங்கே வாழ்பவர்களுடையது, இங்கிலாந்து ராஜாவுக்கு அதைத் தூக்கிக் கொடுக்க உரிமையே இல்லை, ஆகவே நம் உரிமக் காகிதங்கள் செல்லாது என்றார். மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் நீதிமன்றம் 1635இல் அவரை நாடு கடத்தத் தீர்ப்பளித்தது. வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. இது முக்கியமான ஒன்று. 1636 ஜனவரிப் பனியில் வெளியேறிய அவருக்கு நராகன்செட் சாச்செம்கள் இடம் கொடுத்தார்கள். அங்கே அவர் தொடங்கிய ஊர்தான் பிராவிடன்ஸ். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் ‘அந்தக் காலத்து அளவுகோல்’ என்ற வாதம் எனக்கு நிற்பதில்லை. அளவுகோல் இருந்தது, அதைக் கையில் எடுத்தவரைத்தான் துரத்தினார்கள்.

சந்தேகமே இல்லாமல் சட்டத்தை மீறிக் குடியேறியவர்கள் என்று யாரைச் சொல்வீர்கள்?

முதலில் 1763. அந்த ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே குடியேறக் கூடாது, ஏற்கெனவே போனவர்கள் திரும்ப வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஜார்ஜ் வாஷிங்டனே 1767இல் தன் நில அளவையாளருக்கு எழுதிய கடிதத்தில், இது பழங்குடிகளைச் சமாதானப்படுத்தத் தற்காலிகமாகப் போட்ட ஏற்பாடு, நமக்குள் இருக்கட்டும், நீங்கள் நல்ல நிலமாகப் பார்த்து வையுங்கள் என்ற பொருளில் எழுதினார்.

அடுத்தது டெக்ஸாஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய எல்லைத் தகராறின் தலைகீழ்ப் படம் இது. 1821இல் மெக்சிகோ சுதந்திரம் அடைந்தபோது டெக்ஸாஸ் அதன் வடக்கு ஓரம். ஆள் குறைவு. அமெரிக்கர்களை மெக்சிகோவே அழைத்தது. ஸ்டீபன் ஆஸ்டின் தலைமையில் முதல் தொகுதி முறையான அனுமதியோடு வந்தது. கால்நடை வளர்க்கும் குடும்பத்துக்கு 4,428 ஏக்கர். மெக்சிகோவின் குடிமக்களாக வேண்டும், கத்தோலிக்கராக வேண்டும் என்பவை நிபந்தனைகள். நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். நிபந்தனைகளைக் கண்டுகொள்ளவில்லை. 1829இல் மெக்சிகோ அடிமை முறையை ஒழித்தபோது டெக்ஸாஸுக்கு விலக்கு வாங்கினார்கள். அடிமைகளை 99 ஆண்டு ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்று எழுதிக் கூட்டிவந்தார்கள்.

மெக்சிகோ விழித்துக்கொண்டது. 1828இல் எல்லையைப் பார்வையிட்ட தளபதி மியேர் இ தெரான், வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களைவிட அதிகமாகிவிட்டார்கள் என்று எச்சரித்து எழுதினார். 1830 ஏப்ரல் 6ஆம் தேதிச் சட்டம் அமெரிக்காவிலிருந்து குடியேறுவதைத் தடை செய்தது. ஆஸ்டின் தன் குடியிருப்புக்குச் சலுகை பெற்றுக்கொண்டார். ஆனால் சலுகைக்கு வெளியே ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லை நீளம், காவல் குறைவு, நிலம் மலிவு. கடன் தாங்காமல் வீட்டைப் பூட்டியவர்கள் கதவில் ‘டெக்ஸாஸ் போய்விட்டோம்’ என்று மூன்றெழுத்தில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிய காலம் அது.

அப்படி 1831இல் வந்தவர்களில் ஒருவர் வில்லியம் டிராவிஸ். பின்னாளில் அலமோ கோட்டையின் தளபதியாக இறந்து, டெக்ஸாஸின் மாவீரராகப் போற்றப்படுபவர். அலபாமாவில் கடனையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தார். நிலத்துக்கு எழுதிக் கொடுத்தபோது தன்னைத் திருமணமாகாதவர் என்று பதிந்தார். தடைச் சட்டம் அமலில் இருந்ததால் டெக்ஸாஸின் வரலாற்றாசிரியர்களே அவருடைய வருகையைச் சட்டவிரோதம் என்றுதான் குறிக்கிறார்கள். தடையை மீறி நுழைவு, விண்ணப்பத்தில் பொய்த் தகவல். இன்று ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பத்தில் இதில் ஒன்றைச் செய்தாலே நம் பிள்ளைகளின் கதி என்ன? அந்தத் தடை 1834இல் விலகியது. 1836இல் டெக்ஸாஸ் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது, 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது.

மூன்றாவது, தெற்கு டகோடாவின் பிளாக் ஹில்ஸ். 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டை உடன்படிக்கையில் அந்த மலைகளை லகோட்டா மக்களுக்கென்று அமெரிக்க அரசே எழுதிக் கொடுத்தது. அனுமதி பெறாத வெளியார் அங்கே குடியேறக் கூடாது, கடந்து போகக்கூடக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. 1874இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அங்கே தங்கம் கண்டது. சுரங்கக்காரர்கள் மொய்த்தார்கள். தொடக்கத்தில் ராணுவம் அவர்களை வெளியேற்றியது. 1875 கடைசியில் அதிபர் கிராண்டின் அரசு தடுப்பதை நிறுத்திக்கொண்டது. டெட்வுட் ஊர் முளைத்ததே அந்தச் சட்டமீறலில்தான். 1877இல் மலைகளையே எடுத்துக்கொண்டார்கள். 1980இல் உச்ச நீதிமன்றம் அது ஈடு கொடுக்காமல் எடுத்தது என்று சொல்லி, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கத் தீர்ப்பளித்தது. லகோட்டா மக்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. அது வட்டி ஏறி 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. மலைகள் விற்பனைக்கு இல்லை என்கிறார்கள். நாட்டிலேயே ஏழ்மை மிகுந்த சில ஊர்களில் வாழ்ந்துகொண்டு சொல்கிறார்கள்.

ஓக்லஹோமாவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1889 ஏப்ரல் 22 நண்பகலில் துப்பாக்கி வெடித்த பிறகுதான் ஓடிப்போய் நிலம் பிடிக்க வேண்டும் என்பது விதி. முந்தியே உள்ளே போய் ஒளிந்திருந்து பிடித்தவர்களுக்கு ‘சூனர்’ என்று பெயர். அன்றைக்கு ஏமாற்றுக்காரன் என்று பொருள். இன்று ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகளின் பெருமைப் பெயர் அது.

பழங்குடிகளும் ஆசியாவிலிருந்து வந்தவர்கள்தானே? அப்படிப் பார்த்தால் எல்லாரும் வந்தேறிகள்தான்.

நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் பகுதியில் கிடைத்த காலடித் தடங்களுக்கு 21,000 ஆண்டுகளுக்கு மேல் வயது சொல்கிறார்கள். அவர்கள் வந்தபோது அங்கே கேட்டு வாங்க வேண்டிய மனிதர் யாரும் இல்லை. ஆளில்லாத இடத்துக்கு வந்தவரையும் ஆளிருக்கும் வீட்டுக்குள் வந்தவரையும் ஒரே தட்டில் வைக்கிற வாதம் இது. பழங்குடி மக்களும் தங்களுக்குள் போரிட்டார்கள், ஒருவர் இடத்தை ஒருவர் பிடித்தார்கள் என்பது உண்மை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வரப்புச் சண்டை போட்டதால் மூன்றாவது ஆளுக்கு இரண்டு வயலும் சொந்தமாகிவிடாது.

“எங்கள் முன்னோர்கள் சட்டப்படி வரிசையில் நின்று வந்தார்கள்” என்று என் அலுவலக நண்பர் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வருடம் வந்தார்கள்? 1875க்கு முன்னால் குடியேறுபவர்களை வடிகட்டும் மத்தியச் சட்டம் ஏறக்குறைய இல்லை. சில மாநிலங்கள் ஏழைகளைத் திருப்பி அனுப்பியதோடு சரி. வரிசையே இல்லாதபோது வரிசையில் நின்றதாகச் சொல்ல முடியாது. 1882இல் சீனத் தொழிலாளர்களைத் தடுத்தார்கள். 1917இல் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிக்கே கதவைச் சாத்தினார்கள். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1921இல் வந்த நாட்டுவாரி ஒதுக்கீடு 1924இல் இன்னும் இறுகியது. அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக்கியது 1929இல். நம்மைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது 1965ஆம் ஆண்டுச் சட்டம். பழங்குடி மக்கள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் 1924இல்தான். அவர்கள் பிறந்த மண்ணில், மேஃபிளவர் வந்து 304 வருடம் கழித்து.

வென்றவனுக்குத்தான் நாடு. உலகம் முழுக்க அப்படித்தானே?

வென்றோம் என்று சொன்னால் நேர்மையாவது இருக்கும். அவர்கள் சொன்னது ‘கண்டுபிடித்தோம்’. 1493இல் போப்பாண்டவர் வெளியிட்ட ஆணையிலிருந்து தொடங்குகிறது அந்தக் கொள்கை: கிறிஸ்தவர் ஆளாத நிலத்தை முதலில் காணும் கிறிஸ்தவ அரசுக்கே அது சேரும். 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சட்டமாகவே ஏற்றது. பழங்குடிகளுக்குக் குடியிருக்கும் உரிமை உண்டு, உடைமை இல்லை என்றது. 2005இல்கூட ஒனைடா மக்களின் வழக்கில் அந்தக் கொள்கை அடிக்குறிப்பில் எட்டிப் பார்க்கிறது. வத்திக்கான் அதைக் கைகழுவியது 2023 மார்ச்சில். ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம். 1788இல் இறங்கிய ஆங்கிலேயர்கள் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றார்கள். அந்தப் பொய்யை நீதிமன்றம் தூக்கி எறிய பூர்வகுடியான எடி மாபோ தொடுத்த வழக்கின் 1992 தீர்ப்பு வரை ஆனது. தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

அமெரிக்கக் கதைக்குக் ‘கள்ளத்தோணி’ என்ற சொல்லை ஏன் இழுக்கிறீர்கள்?

என் அம்மாயியை அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார்கள். அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவர். அவருடைய முன்னோர்கள் திருட்டுத்தனமாக வரவில்லை. 1820களிலிருந்து ஆங்கிலேயர்கள் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கங்காணிகளை அனுப்பித் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போன மக்கள் அவர்கள். மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து, வழியில் பலரைப் புதைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அரசாங்கத்துக்குத் தெரிந்து, அரசாங்கத்தின் தேவைக்கு வந்தவர்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு எழுதினார்கள்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. அம்மாயி இந்தியப் பங்கில் விழுந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரிக்கு வந்து மீண்டும் கொழுந்தே பறித்தார். அங்கே அவர் பெயர் ‘சிலோன்காரி’. மிஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை முழுதாகக் கிடைக்க 2003 வரை ஆனது.

தப்பான இடத்துக்கான காகிதத்தோடு இறங்கியவர்கள் ‘பில்கிரிம் தந்தையர்’. அழைத்துவரப்பட்டு ஐந்து தலைமுறை உழைத்தவர்கள் ‘கள்ளத்தோணி’. யார் பதிவேட்டை வைத்திருக்கிறார்களோ அவர்கள் அந்தச் சொல்லை யார் மேல் வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள். அதனால்தான் இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்திருக்கிறேன்.

அப்படியானால் வெள்ளையர்கள் எல்லாரும் கிளம்ப வேண்டும் என்கிறீர்களா? நாமும்தானே இங்கே வந்து வீடு வாங்கியிருக்கிறோம்?

யாரும் கிளம்ப வேண்டியதில்லை. பழங்குடித் தலைவர்கள் யாரும் அப்படிக் கேட்டதாக நான் அறியேன். அவர்கள் கேட்பது எழுதிக் கொடுத்ததைக் காப்பாற்றுங்கள் என்று. நம் வீட்டுப் பத்திரமும் அந்த வரிசையில் கடைசிக் காகிதம்தான், அதை நான் மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் பாருங்கள். மேஃபிளவரை வரவேற்ற வாம்பனோக் மக்களின் வழிவந்த மாஷ்பி வாம்பனோக் மக்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது 2007இல். 2015இல் 321 ஏக்கர் அவர்கள் பெயரில் ஒதுக்கப்பட்டது. பிறகு, 1934இல் நீங்கள் மத்திய அரசின் ஆளுகைக்குள் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வந்தது. 2020 மார்ச்சில், கொரோனா பரவிக்கொண்டிருந்த வாரத்தில், அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்யப் போவதாகத் தகவல் வந்தது. நீதிமன்றம் ஏறினார்கள். 2021 டிசம்பரில்தான் நிலம் அவர்களுக்கே என்று உறுதியானது. மேஃபிளவரின் 400ஆவது ஆண்டில், காகிதம் காட்டும்படி கேட்கப்பட்டவர்கள் அவர்கள்.

பிள்ளைகளைப் பிளிமத்துக்குக் கூட்டிப்போகலாமா? என்ன காட்டுவது?

கட்டாயம் கூட்டிப்போங்கள். கடற்கரையில் தூண் மண்டபத்துக்குள் கீழே குனிந்து பார்த்தால் ஒரு பாறை இருக்கும். எல்லாரும் முதலில் சொல்வது “இவ்வளவுதானா?” என்பதுதான். நடுவில் உடைந்து சிமெண்ட் பூசிய சாம்பல் நிறக் கல், மேலே 1620 என்று வெட்டியிருக்கும். அங்கேயே திரும்பிவிடாதீர்கள். சாலையைக் கடந்து படியேறினால் கோல்ஸ் ஹில். மேட்டில் ஊசமெக்வினின் வெண்கலச் சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு கல்லில் பதித்த பலகை இருக்கும், அதைப் பிள்ளைகளையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பலகையின் பின்கதை இது. 1970இல் மேஃபிளவரின் 350ஆவது ஆண்டு விருந்தில் பேச வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக் ஆசிரியரை அழைத்தார்கள். சமாதி தோண்டியதையும் சோளம் எடுத்ததையும் அவர் எழுதி வைத்திருந்தார். உரையை முன்கூட்டிப் பார்த்தவர்கள் மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு இந்தச் சிலையடிக்கு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தேங்க்ஸ்கிவிங் அன்று நண்பகலில் பழங்குடி மக்கள் இங்கே துக்க நாளாகக் கூடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். கடல் காற்று எலும்பைத் துளைக்கும், குழந்தைகளுக்குக் குல்லாவும் கையுறையும் மறக்காதீர்கள். மேடையில் பேசுபவர்கள் பழங்குடி மக்கள் மட்டுமே. போன வருடம் அந்தப் பையனின் குடும்பமும் எங்களோடு வந்திருந்தது. கடைசிவரை அவன் வாயைத் திறக்கவில்லை.